தாடை கூடும், பல் ஆறாது

உடைந்த கீழ்த்தாடை பெரும்பாலும் ஆறு வாரத்தில் கூடிவிடுகிறது. எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் அதற்குள்ளேயே இருந்து வாழ்நாள் முழுக்க வேலை பார்க்கின்றன. அதே தாடையில் முளைக்கும் பல்லின் எனாமலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைக் கட்டிய செல்கள் பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. நிரந்தர முன்பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாவது பிறந்தது முதல் ஏறக்குறைய ஐந்து வயதுவரைதான். அந்த வயதில் குடித்த தண்ணீரின் கறை கடைசிவரை முகத்தில் நிற்கும்.

தருமபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவட்டத்துப் பழம்பாறைகளிலிருந்து, பல்லில் கறை ஏற்றும் புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்து போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரே மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்குள்ள கிணறுகள் பல அதைத் தாண்டியவை.

கறை வெளியே தெரிவது. எலும்புக்குள் நடப்பது இன்னும் கொடிது. 1937-லேயே ஷார்ட், மக்ராபர்ட் முதலிய மருத்துவர்கள், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் முதுகு விறைத்து மூட்டு மடங்காமல் போனவர்களைப் பரிசோதித்து, தண்ணீரிலுள்ள புளோரைடே காரணம் என்று எழுதினார்கள். புளோரைடு எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுகிறது. எலும்பு பெருக்கிறது, உறுதி பெறுவதில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு இதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த மேயோ கிளினிக்கின் ஆய்வு 1990-ல் வெளியானது. 202 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். மருந்து உண்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. மற்ற எலும்புகளில் முறிவுகளும் கூடின.

காவிரித் தண்ணீரை இங்கே கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-ல், தொடங்கிவைத்தது 2013-ல். சென்னை மாகாணத்து மருத்துவர்கள் எழுதி 76 ஆண்டுகள் ஆகியிருந்தன. தெரியாமல் நேர்ந்த தாமதம் என்று இதைச் சொல்ல முடியாது. தெரிந்த பிறகும் மூன்று தலைமுறை அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது.

2013-ல் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது நிரந்தர முன்பற்கள் வந்துவிட்டன. காவிரித் தண்ணீர் உண்மையில் எந்தத் தெருவரை வந்தது என்பதை எந்த அரசுக் கோப்பையும்விட அந்தப் பற்கள் துல்லியமாகச் சொல்லும். பள்ளிதோறும் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, ஆண்டுதோறும் பதிவுசெய்து, ஊர்வாரியாக வெளியிட வேண்டும். குழாய் வராத நாளில் போர்வெல் தண்ணீரில் வடித்த சோறும் கணக்கில் சேர வேண்டும். உலையில் கொதித்தாலும் புளோரைடு போவதில்லை.