வாட் மாறுவது துரோகமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்க, மருமகள் பக்கத்தில் வந்து இருந்தாள். ரொறன்ரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. ஆறு வருசமாக ஒரே மெடிக்கல் வாட். பன்னிரண்டு மணித்தியால இரவு வேலை முடித்து, நாலு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொண்ட முகம்.

"மாமா, டயலிசிஸ் யூனிற்றிலை ஒரு இடம் வந்திருக்கு. மற்றக் கம்பஸிலை. போடட்டோ விடட்டோ எண்டு தெரியேல்லை."

"போடன் பிள்ளை. இதிலை என்ன யோசினை?"

"வாட்டிலை தமிழ் தெரிஞ்ச நேர்ஸ் நான் ஒராள்தான். நான் போனா அந்த அம்மம்மாமாருக்கு ஆர் கதைச்சுச் சொல்லுறது?"

குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "எங்கடை சனத்தை விட்டிட்டுப் போறது பாவம் எண்டு நான் சொல்லிப் போட்டன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அதே வசனத்தை ஒருகாலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

2011 இல் அம்மாவை இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். அம்மாவுக்கு இங்கிலீஸ் தெரியாது. நானும் வேலைக்குப் போய்விடுவேன். மூன்றாம் நாள் இரவு ஒரு தமிழ்ப் பிள்ளை வேலைக்கு வந்து, "அம்மா, என்ன செய்யுது?" என்று கேட்டிருக்கிறாள். மூன்று நாளாக யாருக்கும் சொல்லத் தெரியாமல் வைத்திருந்த முதுகு நோவை அம்மா அவளுக்குத்தான் சொன்னா. அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வந்து, "நாளையிலை இருந்து நான் வேற யூனிற் அம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்தாள். நான் அவளைக் கொரிடோரில் மறித்து, "நீங்களே எங்கடை சனத்தை விட்டிட்டுப் போனால் என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அன்றிரவு அவளுக்கு எத்தனை நோயாளிகள் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

எங்கடை ஊரில் இடமாற்றம் என்றால் தண்டனை. ஒரு வாத்தியாரையோ நேர்ஸையோ கஷ்டப் பிரதேசத்துக்குத் தூக்கிப் போடுவார்கள். அதை நிற்பாட்ட எம்.பி. வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆகவே தானாக விரும்பி மாறுகிறவரை எங்களுக்கு விளங்குவதில்லை. 'அங்கை ஏதோ பிரச்சினையாம்' என்று கதை கட்டிவிடுவோம்.

இங்கே விசயம் வேறு. (கம்பஸ் என்றவுடன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஞாபகம் வருகிறவர்களுக்கு: ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் இங்கே கம்பஸ் என்கிறார்கள்.) ஸ்காபரோவையே எடுங்கள். 1999 இல் ஜெனரலும் கிரேஸும் ஒன்றாகின. 2016 இல் சென்ரனரியும் சேர்ந்தது. கிரேஸின் பெயர் இப்போது பேர்ச்மவுண்ட். எங்கடை பழசுகள் இன்னமும் கிரேஸ் என்றுதான் சொல்லுதுகள். இப்படி ஒன்றாகிய இடங்களில், ஆஸ்பத்திரியை விடாமலே வேலையை மாற்றலாம். பெரும்பாலான ஒன்ராறியோ ஆஸ்பத்திரி நேர்ஸ்மாருக்கு உள்ள யூனியன் ஒப்பந்தத்தின்படி, வெற்றிடத்தை ஏழு நாட்களுக்கு அறிவிக்க வேண்டும். திறமை, அனுபவம், தகைமை எல்லாம் ஏறக்குறைய சமமாக இருந்தால் சீனியோரிட்டி உள்ளவருக்குத்தான் அந்த இடம். யாருடைய காலிலும் விழத் தேவையில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒன்ராறியோவில் ஆஸ்பத்திரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் விடாது. 2019 இல் மாகாண அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, சம்பள உயர்வை வருசத்துக்கு 1 வீதம் என்று மூன்று வருசத்துக்குக் கட்டிப் போட்டது. 2022 இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2024 இல் மேல்நீதிமன்றமும் அதையே சொன்ன பிறகுதான் அரசு அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. வேலைநிறுத்தமும் இல்லை, சம்பளமும் கையில் இல்லை என்றால் ஒரு நேர்ஸின் சொந்தக் கையில் மிஞ்சுவது என்ன? இந்த விண்ணப்பம் ஒன்றுதான். அதையும் 'பாவம்' என்று சொல்லிப் பறிக்க நாங்கள் யார்?

வாட்டில் ஆள் காணாது என்பது மருமகளின் குற்றம் இல்லை. லிண்டா எய்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002 இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு நேர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக் கூட, நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. நேர்ஸ் மனம் களைத்துப் போகும் வாய்ப்பு 23 வீதம் கூடுகிறது. கலிபோர்னியா 1999 இலேயே இதற்குச் சட்டம் போட்டது. 2005 இலிருந்து அங்கே மெடிக்கல் வாட்டில் ஒரு நேர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஒன்ராறியோவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நாங்கள் எம்.பி.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு முப்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்கா ஏன் அப்படிச் சொல்கிறா என்று எனக்குத் தெரியும். 1987 ஒக்டோபர் 21 இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டபோது, நோயாளிகளோடு டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் செத்தார்கள். விட்டுவிட்டு ஓடாதவர்கள் அவர்கள். எங்களில் கனபேர் ஓடி வந்தவர்கள். அந்தக் குற்ற உணர்வை நாங்கள் சுமப்பது வேறு கதை. அதை இங்கே பிறந்த ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தின் மேல் இறக்கி வைக்கக்கூடாது. அவள் ஓடவில்லை. டயலிசிஸிலும் சனம்தான் இருக்கிறது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம், வருசக்கணக்காக அதே முகங்கள். சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் பழுதான எங்கடை ஆட்களும் அந்தக் கதிரைகளில் இருப்பார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவும் இல்லை. பற்றீசியா பெனர் 1984 இல் எழுதிய புத்தகத்தில் ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது. ஒரு துறையில் எவ்வளவு கெட்டிக்கார நேர்ஸாக இருந்தாலும், பழக்கமில்லாத வேறு துறைக்குப் போனால் திரும்பவும் புதியவர்தான். ஆறு வருசம் மற்றவர்களுக்குப் பழக்கினவள், நாளைக்கு ஒரு மெசினுக்கு முன்னால் நின்று முழிக்க வேண்டி வரும். அதைத் தாங்க மனம் வேண்டும்.

ஆகவே மருமகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மோசமான இரவு ஒன்றின் அடுத்த நாள் விண்ணப்பம் போடாதே. முதலில் அங்கே ஒரு நாள் நின்று பார்க்கக் கேள். போன வருசம் அங்கிருந்து எத்தனை பேர் விலகினார்கள் என்று விசாரி. எத்தனை கிழமை பழக்குவார்கள், இரவில் கூப்பிட்டால் போக வேண்டுமா, ஆள் காணாவிட்டால் வேறு கம்பஸுக்கு அனுப்புவார்களா, பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா என்பதை எழுத்தில் வாங்கு. இதெல்லாம் சரியென்றால் போ.

"அப்ப அம்மம்மாமார்?" என்று திரும்பவும் கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளரை ரெலிபோனில் எடுத்துக் கொடுப்பது ஆஸ்பத்திரியின் வேலை. போக முதல் அதை உன் மனேஜருக்கு எழுதிக் கொடு. பிறகு ஒரு கடதாசியில் 'நோகுதா', 'எங்கை நோகுது', 'மூச்சு முட்டுதா', 'தண்ணி வேணுமா' என்று இங்கிலீஸ் எழுத்தில் எழுதி, அர்த்தத்தையும் போட்டு, நேர்ஸ்மார் இருக்கிற இடத்தில் ஒட்டிவிட்டுப் போ. நீ இருந்த ஆறு வருசத்துக்கு அது போதும்.

அக்கா குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் சட்டிபானைச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "'தலை சுத்துதா' எண்டதையும் எழுது" என்று சொன்னா.