நலமாக இருப்பவர் சொல்லும் ஆறுதல்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்கும் வாழை இலைக்கும் ஃபில்டர் காபித் தூளுக்கும் இன்றும் பஞ்சமில்லை. அவற்றை வாங்க வருகிறவர்களின் தலைதான் நரைத்துக்கொண்டே போகிறது. ரயில்வேயிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். லிஃப்ட் இல்லாத பழைய மாடி வீடுகளில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள்.

இது கிறிஸ்தவர்கள் நிறைந்த பேட்டை அல்ல. ஆனாலும் முதுமையையும் இழப்பையும் கிறிஸ்தவ நம்பிக்கை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் இங்கிருந்து அதிக தூரம் போகவேண்டாம். ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்து காளிகாட் பக்கம் திரும்பினால், காளி கோயிலை ஒட்டியே நிர்மல் ஹிருதய் இருக்கிறது. ஒருகாலத்தில் யாத்ரீகர்கள் தங்கிய சத்திரம். 1952 ஆகஸ்ட் 22 அன்று, சாகக் கிடப்பவர்களுக்கான இல்லமாக அன்னை தெரசா அதைத் திறந்தார்.

அந்த அன்னைக்கும் ஒரு தாய் இருந்தார். 1928இல் தான் பிறந்த ஸ்கோப்யே நகரை விட்டுக் கிளம்பியபோது தெரசாவுக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகு அவர் தன் தாயைப் பார்க்கவே இல்லை. தாயும் அக்காவும் அல்பேனியாவில் இருந்தார்கள். என்வர் ஹோஜாவின் கம்யூனிச அரசு அவர்களை வெளியே விடவில்லை. 1972இல் தாய் இறந்தார், மறு ஆண்டு அக்காவும் போய்விட்டார். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் கடைசி மூச்சுக்குத் துணையிருந்தவருக்குப் பெற்றவளின் பக்கத்தில் உட்கார வாய்க்கவில்லை. 1989இல் அல்பேனியத் தலைநகர் திரானாவுக்குப் போக அனுமதி கிடைத்தபோது பார்ப்பதற்குக் கல்லறைதான் இருந்தது.

இதையாவது உலகம் ஓரளவு அறிந்திருந்தது. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கடவுள் அருகில் இருப்பதாகவே தோன்றாத ஓர் இருட்டில் அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பக்தியெல்லாம் வேஷமா என்று கேட்டவர்கள் உண்டு. துணையை இழந்து, ஜெபிக்க உட்கார்ந்தாலும் மனம் ஒட்டாமல் தவிக்கிற வயோதிகர் அப்படிக் கேட்கமாட்டார். ஒன்றும் உணராதபோதும் ஒருவர் விடியுமுன் எழுந்து ஜெபத்துக்குப் போனார், பிறகு வேலைக்குப் போனார் என்பது அவருக்குப் பிரசங்கத்தைவிடப் பெரிய செய்தி.

நம் ஊர்க் கூட்டங்கள் பலவற்றில் கேட்பது இதற்கு நேர்மாறு. மூட்டு வலி போகவில்லையென்றால் விசுவாசம் போதவில்லை. மகன் இறந்த வீட்டில் கண்ணீர் நிற்கவில்லையென்றால் உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லை. எண்பது வயதுக்காரரைச் சுகமளிக்கும் கூட்டத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போய், நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் ஆறுதல்? இரங்கற்பா போல அழுது முறையிடும் சங்கீதங்கள் வேதாகமத்திலேயே எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பாடியவர்களை யாரும் விசுவாசம் குறைந்தவர்கள் என்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் குழந்தைகள் இல்லத்தை நடத்திய ஏமி கார்மைக்கேல் இதை அனுபவித்தே அறிந்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு கட்டடத்தைப் பார்வையிடப் போனவர் குழியில் விழுந்தார். அப்போது வயது அறுபத்து மூன்று. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான், வலியோடுதான். அன்பர்கள் அனுப்பிய ஆறுதல் துண்டுப் பிரசுரங்கள் அவருக்கு ஒட்டவே இல்லை. காரணம் எளிது: அவை நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை. ஆகவே நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு புத்தகத்தை அவரே எழுதினார். படுக்கையிலிருந்து அதுபோல இன்னும் பல புத்தகங்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

நாள்தோறும் காலையில் பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொல்கத்தாவில் வசனம் அனுப்பாமல் ஆளையே அனுப்பிய ஒரு சபையும் உண்டு. ஏழைகளின் சிறிய சகோதரிகள் 1882 முதல் இந்நகரில் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள்; லோயர் சர்குலர் ரோட்டில், அதாவது இப்போதைய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், அது இருக்கிறது. மதம் கேட்பதில்லை. கடைகடையாக ஏறி இறங்கிக் கை நீட்டியே செலவைச் சமாளிக்கிறார்கள். யாராவது சாகும் தறுவாயில் இருந்தால் இரவும் பகலும் முறைவைத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். 1948 ஆகஸ்டில் கான்வென்டை விட்டு வெளியே வந்த தெரசா, டிசம்பரில் கொல்கத்தா திரும்பியபோது முதலில் தங்கியது இவர்களிடம்தான். நிர்மல் ஹிருதய்க்கு நான்காண்டு முன்னரே அவர் முதியவர்கள் நடுவே இருந்திருக்கிறார்.

இந்தச் சபையைத் தொடங்கிய ழான் ஷூகான் கதை இன்னும் விசித்திரம். பிரான்ஸில் 1839 குளிர்காலத்தில், பார்வையிழந்த ஏழைக் கிழவி ஒருத்தியைத் தூக்கி வந்து தன் கட்டிலில் படுக்கவைத்தார். சபை வளர்ந்தது. ஒரு பாதிரியார் தானே நிறுவனர் என்று சொல்லிக்கொண்டு அவரை ஓரங்கட்டினார். கடைசி இருபத்தேழு ஆண்டுகள் இளம் கன்னியர்களுக்கு நடுவே, தான் யாரென்று சொல்லாமலே வாழ்ந்து 1879இல் இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. பணி ஓய்வுக்குப் பின் தன்னை யாருமே கண்டுகொள்வதில்லை என்று குமுறுகிற எந்தப் பெரியவருக்கும் இவரை அறிமுகப்படுத்தலாம்.

போப் பிரான்சிஸ் 2021இல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைக்குக் கோயிலில் முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினால் கடமை முடிந்ததா? படியிறங்க முடிந்தவர்களுக்குத்தான் அந்தப் பொன்னாடை. மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு யாராவது படியேறிப் போகவேண்டும். இதை வத்திக்கான் முன்பே யோசித்திருக்கிறது: அந்த நாளில் திருப்பலியில் பங்கேற்பவருக்கு உண்டான அதே பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை), துணையின்றி இருக்கும் ஒரு முதியவரைத் தேடிப் போய்ப் போதிய நேரம் செலவிடுபவருக்கும் உண்டு என்று 2021 ஆணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பங்குத் தந்தையர் அடுத்த ஜூலையில் பீடத்திலிருந்து இந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்து, கூடவே வீட்டோடு இருக்கும் முதியவர்களின் முகவரிப் பட்டியலையும் கையில் கொடுக்கலாம்.