நன்மை வீட்டுக்கு வந்தால் போதுமா?

"நடக்க முடியாதவங்களுக்குப் பூசைக் கடன் கிடையாது. டிவியில பார்த்தாப் போதும், சாமியார் நன்மையை வீட்டுக்கே கொண்டாந்து கொடுத்துடுவார்." காசிமேட்டிலும் ராயபுரத்திலும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த நம்பிக்கை தவறு. பலரை வருஷக்கணக்கில் கோயிலுக்கு வெளியே வைத்திருக்கும் தவறு.

ஞாயிறு பூசை கடன் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் விதி. தக்க காரணத்தால் வர இயலாதவர் வீட்டில் செபிக்கட்டும் என்கிறது அடுத்த விதி. அது, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் மனசு உறுத்தாமலிருக்கத் தந்த சலுகை. வர ஆசையும் தெம்பும் உள்ளவரை, படிக்கட்டையும் வண்டியையும் காரணம் காட்டி வீட்டிலேயே உட்காரச் சொல்ல அந்த விதியில் இடமில்லை. தேவதிரவிய அனுமானங்களைப் பெறுவது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2020 டிசம்பரில் போப் பிரான்சிஸ் அழுத்திச் சொன்னார்.

காசிமேட்டில் ஞாயிறு காலை எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டு ஆம்பளைகளோ அந்நேரம் துறைமுகத்தில். கீழே வந்தால், ஊரே மீன் வாங்கத் திரண்டிருக்கும் ரோடு. ஐஸ் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் இறங்கிவிட்டால், யாராவது வந்து தூக்கிவிடும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். ஷேர் ஆட்டோ நிற்காது. சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அந்தப் படியில் ஏறுவது எப்படி? தாழ்தள பஸ்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. எல்லா வழித்தடத்திலும் இல்லை. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் லிஃப்ட் உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷன் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

பஸ்ஸும் ரோடும் அரசாங்கத்தின் பொறுப்பு என்பது சரி. கோயில் படிக்கட்டு யாருடையது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் வழிபாட்டு இடங்களையும் பொதுக்கட்டடம் என்றே சொல்கிறது. செப்டம்பர் வந்தால் வேளாங்கண்ணிக்கு பஸ் பிடித்துக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் நாம். முந்நூறு கிலோமீட்டருக்கு வண்டி ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, இரண்டு தெரு தாண்டி இருப்பவரை அழைத்துவர வழி தெரியாதா?

வீட்டுக்கு வரும் நன்மை நற்கருணைதான், அதில் குறையில்லை. ஆனால் கல்யாண ஓலை வாசிப்பதை அங்கே கேட்க முடியாது. பூசை முடிந்து வாசலில் நின்று யார் வீட்டில் என்ன என்று விசாரிக்க முடியாது. நல்ல குரல் இருந்தும் வாசகம் வாசிக்கக் கூப்பிட ஆளில்லை. கொஞ்ச வருஷத்தில் பங்குக்கு அவர் முகமே மறந்துபோகிறது.

ராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பரைப் பற்றித் திருத்தூதர் பணிகள் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. பிறவியிலேயே கால் ஊனமான ஒருவரைத் தினமும் சுமந்துவந்து ஆலய வாசலில் வைப்பார்கள். சுமந்தவர்களின் வேலை வாசலோடு முடிந்தது. இராயப்பர் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட பிறகு, அந்த மனிதர் இராயப்பரோடு ஆலயத்துக்கு உள்ளே போனார்.

அன்பியங்கள் இந்த மாதமே வீடு வீடாகப் போய், "எந்தப் பூசைக்கு வர விருப்பம்?" என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்கட்டும். பங்கில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தூக்க வலுவுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆட்டோக் கூலியைத் திருவிழாச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். காலையில் முடியாதென்றால், துறைமுகத்துக்குப் போன ஆண்கள் வீடு திரும்பியபின் மாலைப் பூசைக்கு அழைத்து வாருங்கள்.