மோட்டார் போடுகிறவர் இல்லை!

மதுரையில் இதய ஆபரேஷன் செய்து கொண்டு திண்டுக்கல் பக்கம் ஊர் திரும்பிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். டாக்டர் பெயரைப் பட்டென்று சொல்வார். "ஆபரேஷன் நடந்தபோது உங்கள் இதயத்தையே நிறுத்தி வைத்திருந்தார்களே, அப்போது உங்களை உயிரோடு வைத்திருந்தது யார்?" என்று கேளுங்கள். முழிப்பார்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயரை யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. அவர்தான் பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிலருக்கு அவர் வெறும் 'பம்ப் டெக்னீஷியன்'. ஏதோ கிணற்று மோட்டார் போடுகிறவர் மாதிரி!

அப்படி என்ன செய்கிறார்? வால்வு மாற்றும்போது இதயத்தை நிறுத்தியாக வேண்டும். உடம்பிலிருந்து வரும் கறுத்த ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரம் வாங்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. பெரியவர்களுக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.4 லிட்டர் ஓட வேண்டும். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுத்து, உறையும் நேரம் வழக்கமாக 480 விநாடிக்கு மேல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதயத்தை நிறுத்தி வைக்கும் பொட்டாசியம் கலந்த கரைசல், உடம்பின் சூடு, ரத்த அழுத்தம்... எல்லாவற்றிலும் அவர் கண் இருக்க வேண்டும். காற்றுக் குமிழி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம்.

"அதற்குத்தான் சென்சார் வந்துவிட்டதே" என்பார்கள். சரி, குமிழியைக் கண்டதும் சென்சார் பம்பை நிறுத்துகிறது. பிறகு? ரத்தம் போகாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான். காற்றை வெளியேற்றி மறுபடி ஓட விடுவது சென்சாரா, மனிதரா? கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டால் கைப்பிடியைப் போட்டுக் கையாலேயே பம்பைச் சுற்றுவதும் அவர்தான்.

1953 மே 6 அன்று பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இந்த இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் 1960களின் தொடக்கத்திலேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் பெர்ஃப்யூஷனிஸ்ட் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்தும் தேசிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2021ல்தான். அறுபது வருடம்! ஊசி போடும் நர்ஸுக்குப் பதிவு எண் கேட்ட நாடு, உயிரையே கையில் வைத்திருப்பவரிடம் இத்தனை காலம் கேட்கவில்லை. இது அவருக்கு மட்டும் நடந்த அநியாயமா? படித்தவர் யார், பார்த்துப் பழகியவர் யார் என்று தெரியாமல் மேஜையில் படுத்த நோயாளிக்கும்தான்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறப்பு இரும்பில் இல்லை, செய்யும் கையில்தான் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அதே நியாயம் ஆபரேஷன் தியேட்டருக்குப் பொருந்தாதா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் தாளில் சர்ஜன், மயக்க மருத்துவர் பெயர்களோடு பெர்ஃப்யூஷனிஸ்ட் பெயரும் இருக்கட்டும். பட்டமும் பதிவும் இல்லாதவர் பம்பைத் தொடக்கூடாது. ஒரு கேஸ் முடிந்த களைப்போடு அடுத்த கேஸில் நிற்க வைக்காத அளவுக்குப் பணியிடங்கள் வேண்டும்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று பிள்ளைகளை அழ வைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பி.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது. இதயம் நின்றபோது உயிரைக் காப்பது சின்ன வேலையா? யோசியுங்கள்!