மலை மருத்துவமனைக்கு மாற்றாகாது

குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் திருத்தணி மலையேறி, காற்றும் அமைதியும் சூழ முருகன் சந்நிதியில் நின்றால் போதும், சிகிச்சை வேண்டியதில்லை என்ற வாதம், ஆன்மிக அனுபவத்தை உயர்த்துவதுபோல் தோன்றினாலும் நோயின் இயல்பைக் கணக்கில் கொள்ளவில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, மதுவுக்குப் பழகிய நரம்பு மண்டலம் கட்டுமீறிக் கிளர்வதால் எழும் விலகல் அறிகுறிகள் நடுக்கத்தோடு நிற்பதில்லை. வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும், உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், அக்கட்டத்தில் மருத்துவக் கண்காணிப்பு இன்றியமையாதது.

ஆயினும் மலைக்கு இதில் பங்கே இல்லை என மறுப்பதும் பிழையே. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடிநோயாளிகள் தம் அடையாளத்தை வெளியிடாமல் ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பு, தம்மினும் பெரிய ஆற்றலை அவரவர் உணர்ந்தபடி ஏற்கச் சொல்கிறதே தவிர, அது கோயிலிலா குன்றிலா என வரையறுக்கவில்லை. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கருதப்படும் திருத்தணியின் 365 படிகளும், டிசம்பர் 31 அன்று அவற்றில் நிகழும் படித்திருவிழாவும், ஒவ்வொரு நாளாகக் குடியைத் தவிர்க்கும் அவ்வமைப்பின் ஒழுக்கத்துக்கு இசைவானவை. ஆனால் அந்த இசைவு பலன்தர, நச்சகற்றும் சிகிச்சையும் ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் உடன் அமைய வேண்டும். பக்தியின் பெயரால் சிகிச்சையைத் தடுப்போர் பக்தரையே ஆபத்தில் தள்ளுகின்றனர். மீண்டும் குடித்தவரை நம்பிக்கையற்றவர் எனப் பழிக்கவும் அதே வாதமே வழிவகுக்கிறது.