கல்லூரி இடமும் கொள்முதல்தான்!



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினாலும் குத்தூசி போட்டுப் பார்த்து, கையில் வைத்துத் தேய்த்து, விலை பேசித்தான் வாங்குகிறோம். ஆனால் பிளஸ் டூ முடிவு வந்ததும், பல லட்சம் ரூபாய்ச் சரக்கான கல்லூரிப் படிப்பைப் பார்க்காமலே வாங்கிவிடுகிறோம். "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும், எந்தக் கல்லூரியானாலும் சரி" என்று நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுகிறோம். அதற்காகக் கடையின் கைமுதலை எடுக்கிறோம். நகையை அடகு வைக்கிறோம்.

கம்ப்யூட்டர் வேலைக்கு அந்தப் பெயருள்ள பட்டம் ஒன்றே வழி என்பது சரியல்ல. 1976-ல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதல்வரான சிவ் நாடார், நம் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் அவர் படித்தது மின்சாரப் பொறியியல். கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை கரக்பூரில் படித்தது உலோகவியல். டாடா குழுமத் தலைவரான நாமக்கல் மாவட்டத்து சந்திரசேகரன், கோவையில் பி.எஸ்சி. முடித்து, திருச்சியில் எம்.சி.ஏ. படித்துத்தான் டி.சி.எஸ்.சில் சேர்ந்தார்.

எல்லாரும் அவர்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்கில் தெளிவு, ஆங்கிலத்தில் பேச்சு, புரோகிராம் எழுதும் பழக்கம் ஆகிய மூன்றும் கைவந்த பிள்ளைக்குப் பாடப்பிரிவு பெரிய தடையல்ல. மூன்றும் இல்லாதவனைப் பட்டத்தின் பெயர் காப்பாற்றாது. 2001-லும் 2008-லும் அமெரிக்காவில் தொழில் சரிந்தபோது இங்கே புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் தவித்ததைக் கண்டோம். இப்போது சாதாரண புரோகிராம்களைக் கம்ப்யூட்டரே எழுதுகிறது. ஆகவே அடிப்படை வலுவாக இருப்பது முன்னைவிட அவசியம்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஸோஹோ நிறுவனம், பள்ளிப்படிப்பு முடித்த மாணவர்களைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. எச்.சி.எல். நிறுவனமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டெக்பீ என்ற திட்டத்தை 2017-ல் தொடங்கியது. தேர்வில் தேறினால்தான் இடம். ஆனாலும் முயன்று பார்க்கலாமே!

பொறியியல்தான் என்று முடிவு செய்தால், முதலில் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு அந்த வழியில் சேர்ந்தால்தான் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் வேலை" என்று விளம்பரம் செய்தால், எந்த நிறுவனம், எத்தனை பேர், என்ன சம்பளம் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்த மாணவர்களில் இருவரிடமாவது பேசுங்கள். மதிப்பெண் குறைந்தால் பி.சி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளைக் கேவலமாக நினைக்க வேண்டாம், மேலே எம்.சி.ஏ. இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பலமும் உண்டு. இருப்பு, கடன் பாக்கி, 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் கடையில் நின்றே அறிந்தவர்கள் அவர்கள். வியாபாரம் தெரிந்து கம்ப்யூட்டரும் கற்றவனுக்கு எங்கும் தேவை இருக்கிறது.

படிப்புக்குச் செலவு செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கடையை மூடிக் கல்லூரிக்குக் கட்டாதீர்கள். பிள்ளையின் விருப்பத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான்கு ஆண்டு படிக்கப் போவது அவன்தான், அவள்தான், நாம் அல்ல.