வீரர்கள் கூடும் சந்தை



இம்மாதம் கொஞ்சம் வேறு விதமான விடயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கடனும் காணியும் பிள்ளைகளின் படிப்பும் பேசப்படுகிற இந்தப் பக்கத்தில் படக்கதை வீரர்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பிள்ளைக்குப் புத்தகப்பை கேளுங்கள். அதில் ஸ்பைடர்மேன் இருப்பான். தண்ணீர்ப் போத்தலில் இரும்பு மனிதன் இருப்பான். சேட்டின் முன்பக்கத்தில் ஏழெட்டு வீரர்கள் சேர்ந்து நிற்பார்கள். வீட்டுக்கு வந்தால் கைத்தொலைபேசியில் அவர்களே அடித்துக்கொண்டிருப்பார்கள். காசு நம்முடையது, பிள்ளையும் நம்முடையது. அப்படியானால் கதை என்ன என்று நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

நான் சிறுவயது முதல் படக்கதை வாசித்து வருபவள். இன்றும் விடவில்லை. ஆகவே இதை வெறுப்பவளாக எழுதவில்லை, நேசிப்பவளாகவே எழுதுகிறேன்.

ஒரு புத்தகம், பத்து வீடு

நமது ஊர்களுக்குப் படக்கதை வந்தது சிவகாசியிலிருந்து. அங்கே சௌந்தரபாண்டியன் என்பவர் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பின்னர்தான் தாராளமாக வரத் தொடங்கின. 1984இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே வருடம் ராணி காமிக்ஸும் வந்தது. வேதாளர், மாண்ட்ரேக், மாடஸ்டி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி என்று எத்தனை பேர்!

யுத்த காலத்தில் பாதை பூட்டினால் புத்தகமும் வராது. வந்த ஒரு புத்தகம் மருதமுனையில் ஒரு வீட்டில் தொடங்கி, பாண்டிருப்பில் ஒரு வீட்டுக்குப் போய், சாய்ந்தமருதுக்கு வரும்போது முன்னட்டை இருக்காது. முஸ்லிம் வீடு, தமிழ் வீடு என்று அது பார்க்கவில்லை. கடைசித் தாள் கிழிந்திருந்தால் முன்னர் வாசித்தவள் முடிவைச் சொல்லித் தருவாள். இது எப்படி முடிந்தது? ஒரு புத்தகத்துக்குள் ஒரு முழுக்கதை இருந்ததனால் முடிந்தது. அடுத்த புத்தகம் கிடைக்காவிட்டாலும் நாம் ஏமாறவில்லை.

முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தில் பிறந்த கதை அது. லூயிஸ் கிராண்டல் என்பவர் ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழக்கிறார். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். முதலில் தடம் மாறிப் போகிறார், பிறகு திருந்தி நல்ல வேலை செய்கிறார். இழந்த கை மட்டும் திரும்பி வருவதே இல்லை. வெடியில் கையையும் காலையும் இழந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்த காலத்தில் இதை வாசித்தோம். இழப்போடு வாழ்கிற ஒருவனை வீரன் என்று சொன்ன கதையாகவே அது என் மனதில் நிற்கிறது.

வீரர்கள் ஒன்றுசேர்ந்த கதை

ஒரு கதையின் வீரன் இன்னொரு கதைக்குள் வருவது புதிய பழக்கம் அல்ல. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டிலேயே பல வீரர்களை ஒரே குழுவாக்கிக் கதை எழுதினார்கள். 1976இல் டீசி, மார்வெல் என்ற இரண்டு போட்டிக் கம்பனிகளும் கைகோர்த்து சுப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒரே புத்தகத்தில் சந்திக்க வைத்தன. எந்த ரசிகருக்குத்தான் அது பிடிக்காது? மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் வெல்வார் என்று நாமும் சண்டை பிடித்தவர்கள்தானே!

கோணல் 1984இல் தொடங்கியது என்பது என் எண்ணம். அவ்வருடம் மார்வெல் கம்பனி தன் பெரிய வீரர்கள் பலரையும் சேர்த்துப் பன்னிரண்டு இதழ்களில் ஒரு கதை வெளியிட்டது. மாட்டெல் என்ற விளையாட்டுச் சாமான் கம்பனி பொம்மை விற்பதற்காகத்தான் அந்தக் கதையே எழுந்தது. தலைப்பு ‘இரகசிய யுத்தங்கள்’. ஏன் இந்தத் தலைப்பு? சிறுவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது ‘யுத்தம்’, ‘இரகசியம்’ என்ற இரண்டு சொற்களும் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தனவாம். அந்தக் கதையை எழுதிய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். 1984இல் இங்கே அந்தச் சொல் எப்படிக் கேட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு கூட்டுக் கதை வருடாந்த வியாபாரமாகிவிட்டது. மூலக்கதை ஏழு இதழில் இருக்கும். அதன் துண்டுகள் வேறு பல வீரர்களின் இதழ்களில் சிதறிக் கிடக்கும். முழுவதும் விளங்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வாங்க வேண்டும். ஒரு புத்தகத்தைப் பத்து வீடு வாசித்த காலம் போய், ஒரு கதைக்காக ஒரு வீடு பத்துப் புத்தகம் வாங்குகிற காலம் வந்தது.

விற்பனைக்கு வந்த மரணம்

காசு விடயத்தை மன்னித்துவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது மரணத்தை விற்ற விதம்.

1992 நவம்பரில் சுப்பர்மேன் இறந்தான். அந்த இதழைக் கறுப்புப் பொலித்தீன் உறையில் இட்டு விற்றார்கள். உள்ளே துக்கம் காட்டுவதற்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டி ஒன்று இலவசம். இலட்சக்கணக்கில் விற்றது. வாசிக்க ஒன்று, பிரிக்காமல் வைத்திருந்து பிறகு கூடிய விலைக்கு விற்க ஒன்று என்று இரண்டிரண்டாக வாங்கியவர்களும் உண்டு. அடுத்த வருடமே சுப்பர்மேன் திரும்பி வந்துவிட்டான். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்த பெண்களுக்கும், பொட்டழித்து வெள்ளைச் சேலை கட்டிய பெண்களுக்கும் துக்கம் என்பது உறைக்குள் போட்டுக் கொடுக்கிற சாமானா?

2006 மே மாதம் மார்வெலின் ‘உள்நாட்டு யுத்தம்’ வந்தது. வீரர்கள் இரண்டாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் மோதும் கதை. நீ எந்தப் பக்கம் என்று வாசகரைக் கேட்பதே அதன் விளம்பரம். அதே வருடம் ஓகஸ்ட்டில் மூதூர் மக்கள் ஆயிரக்கணக்கில் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி நமக்கு விளம்பரமாக வந்ததில்லை. துப்பாக்கியோடு வாசலில் வந்து நின்ற கேள்வி அது.

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். அந்தக் கதையின் கடைசியில் கெப்டன் அமெரிக்கா வெல்லப் போகும் தறுவாயில், தீயணைப்பு வீரர் போன்ற சாதாரண ஆட்கள் அவர் மேல் விழுந்து தடுக்கிறார்கள். சுற்றிப் பார்க்கிறார், தங்கள் சண்டையால் நகரமே இடிந்து கிடக்கிறது. ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைகிறார். அதில் உண்மை இருந்தது. சில கிழமைகளிலேயே, 2007 மார்ச்சில், அவரைச் சுட்டுக் கொல்லும் இதழை விற்றார்கள். 2009இல் அவரை மீட்டெடுக்கும் கதையை விற்றார்கள்.

பின்னர் திரைப்படங்கள் வந்தன. 2009இல் டிஸ்னி நிறுவனம் மார்வெலை ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்கியது. 2018இல் வந்த படத்தில் ஒரு கொடியவன் விரலைச் சொடுக்க, உலகின் பாதிப் பேர் தூசியாகி மறைந்துபோகிறார்கள். 2019இல் வந்த அடுத்த படத்தில் வீரர்கள் கூடி, ஐந்து வருடத்தின் பின் மறைந்தோர் எல்லோரையும் இன்னொரு விரற்சொடுக்கில் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்த நாள் 2019 ஏப்ரல் 26. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் ஐந்தாம் நாள். அன்றிரவுதான் சாய்ந்தமருதிலும் வெடிச்சத்தம் கேட்டது.

காணாமற்போன கணவனின் படத்தோடும் கடிதக் கோவையோடும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய சகோதரிகள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். அவர்களுடைய ஐந்து வருடம் பத்தாகி, இருபதாகி, முப்பதும் தாண்டிவிட்டது. வாப்பா எப்போது வருவார், அப்பா எப்போது வருவார் என்று கேட்ட பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோர். அந்தக் காட்சியில் எல்லோரும் கைதட்டும்போது நம் வீட்டில் ஒருவர் எழுந்து குசினிக்குப் போகக்கூடும். ஏன் என்று பிள்ளைக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

கமலா கானுக்கு நடந்தது

ஒரு பெண்பிள்ளையின் கதையையும் சொல்கிறேன். என் தங்கையின் மகள் கட்டாரிலிருந்து வந்தபோது கமலா கானின் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். 2014இல் தனி இதழ் பெற்ற முஸ்லிம் வீராங்கனை இவள். அமெரிக்காவின் ஜேர்சி சிற்றியில், பாகிஸ்தானியத் தாய்தந்தையரோடு வாழும் பதினாறு வயதுப் பிள்ளை. சானா அமானத் என்ற ஆசிரியரும் வில்லோ வில்சன் என்ற எழுத்தாளரும் சேர்ந்து உருவாக்கினார்கள். இருவரும் முஸ்லிம் பெண்கள். உடலை மறைக்கும் நீச்சலுடுப்பு ஒன்றைத் தைத்துத் திருத்தித்தான் தன் வீர உடையை அவள் ஆக்கிக்கொள்கிறாள். ஆரம்பக் கதைகளில் ஒன்றில், “நீங்கள் உலகத்துக்குப் பாரம், உங்கள் உடலாவது பயன்படட்டும்” என்ற விதமாகப் பேசி இளைஞர்களைத் தன் இயந்திரத்துக்கு எரிபொருளாக்குகிறான் ஒரு வஞ்சகன். பிள்ளைகள் விரும்பியே போகிறார்கள். நீங்கள் பாரமல்ல என்று சொல்லி அவர்களை மீட்கிறாள் கமலா. பிள்ளைகளைப் பேசிப் பேசியே அழைத்துப்போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கதை எனக்கு நெருக்கமானது.

2023 மே மாதம் கமலாவைக் கொன்றார்கள். அதுவும் அவளுடைய சொந்த இதழில் அல்ல, ஸ்பைடர்மேனின் இதழில், விருந்தாளியாக வந்த இடத்தில். அவளை ஆசையோடு வாசித்து வந்த பிள்ளை, அவள் இறந்ததை அறிய வேறொருவரின் புத்தகத்தை வாங்க வேண்டும். யூலை மாத நடுப்பகுதியில் அவளுடைய இறுதிச்சடங்குக்கென்று தனி இதழ். அதே யூலை முடிவதற்குள், இன்னொரு கூட்டத்தாரின் இதழில் உயிரோடு எழுந்து வந்தாள். அவளும் இருக்கும் திரைப்படம் நவம்பரில் வந்தது. மையித்து வீட்டுக்குப் போகும் முன்னரே மையித்து எழுந்து கடைக்கு வந்துவிட்டது போல் இருந்தது எனக்கு.

இதனால் கூட்டுக் கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. குவைத்தைச் சேர்ந்த நாயிப் அல் முதவ்வா 2006இல் ‘த 99’ என்ற படக்கதையைத் தொடங்கினார். அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அதில் எந்த ஒருவருக்கும் முழுச்சக்தி இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்று, சேர்ந்தால்தான் வேலை நடக்கும். 2010இல் அவர்கள் சுப்பர்மேனின் கூட்டத்தாரோடு சேர்ந்து ஆறு இதழ்களில் வந்தார்கள். நமது பழைய மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி ஆகியோரும் 2005இல் தொடங்கிய ‘அல்பியன்’ என்ற ஆறு இதழ்க் கதையில் சந்தித்தார்கள். சந்தித்தார்கள், கதை முடிந்தது, பிரிந்தார்கள். சேர்வது குற்றமல்ல. முடிவே இல்லாமல் இழுப்பதும், இறந்ததை இறக்கவில்லை என்பதும்தான் குற்றம்.

நாம் செய்யக்கூடியது

தடை போட்டால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும். கூட இருந்து பாருங்கள், வாசியுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதை இதிலேயே முடிந்ததா, அல்லது அடுத்ததை வாங்கச் சொல்லி நிற்கிறதா? இதில் இறந்தவருக்காக யார் அழுதார்கள்? வீரர்கள் பறந்து போன பின் இடிந்த வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கியவர் யார்? மூன்றாவது கேள்விக்குப் படத்தில் விடை இருக்காது. அதற்கு விடை தெரிந்தவர்கள் நாம்தான். யுத்தத்துக்குப் பின்னும் சுனாமிக்குப் பின்னும் இந்தக் கரையைக் கூட்டித் துடைத்துக் குடியிருக்கச் செய்தவர்கள் பெண்கள். அதையும் ஒரு கதையாகப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

முடிந்தால் நாலைந்து வீட்டார் சேர்ந்து முழுக்கதையாக உள்ள ஒரு புத்தகத்தை வாங்கி, கைமாற்றி வாசியுங்கள். தெருவுக்கு ஒரு பெட்டி போதும். லயன், முத்து இதழ்கள் சிவகாசியிலிருந்து தொடர்ந்து வந்தன. நல்ல வாசிகசாலைகளில் பழைய இதழ்களும் கிடைக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைகள் அந்த மூன்று கேள்விக்கும் என்ன விடை சொன்னார்கள் என்று எழுதியனுப்புங்கள். நல்ல விடைகளை அடுத்த இதழில் இதே பக்கத்தில் பகிர்ந்துகொள்வோம்.